ஐந்தாவது அவென்யூவின் பின்னறை

2021 ஆகஸ்டில், நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில், எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு கட்டடத்தின் மேல்மாடிக்குச் சோதனை வாரண்டோடு அதிகாரிகள் போனார்கள். முன்னறை லட்சணமாகத்தான் இருந்தது. கண்ணாடிப் பெட்டிகளிலும் அலமாரிகளிலும் நூற்றுக்கணக்கான பழம்பொருள்கள். எகிப்து, கிரேக்கம், ரோம், பாபிலோன், சுமேரியா என்று ஒரு நாகரிகம் பாக்கியில்லை. விஷயம் பின்னால் இருந்த அறைகளில் இருந்தது. அங்கே ஆயிரக்கணக்கில் எகிப்தியத் தாயத்து மாதிரி வண்டு உருவங்கள், சின்னச் சிலைகள், ஈட்டி முனைகள். வேலை தொடங்காதது, பாதி முடிந்தது, கடைசிப் பூச்சுக்குக் காத்திருப்பது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்டத்தில். பக்கத்தில் வார்னிஷ், ஸ்ப்ரே பெயின்ட், மரப்பட்டறையில் தேய்த்து வழவழப்பாக்க ஓட்டுகிற பெல்ட் சாண்டர் இயந்திரம். அப்புறம் சேறு மாதிரி ஏதோ ஒன்று, வெவ்வேறு நிறத்தில், வெவ்வேறு பதத்தில்.

அந்தச் சேற்றைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். தொல்பொருளை வாங்குகிறவர் உள்ளுக்குள் ஆசைப்படுவது இடுக்கில் ஒட்டியிருக்கும் அந்த மண்ணுக்குத்தான். ‘அப்படியே மண்ணுக்குள்ளிருந்து எடுத்தது’ என்ற நினைப்பே பாதி விலை. அதை ஒருவர் டப்பாவில் கலக்கி வைத்திருந்தார்.

கடையின் பெயர் சாதிக் கேலரி ஏன்ஷன்ட் ஆர்ட். உரிமையாளர் மெஹ்ர்தாத் சாதிக். 1978-இல் தபால் வழி வியாபாரமாகச் சின்ன அளவில் தொடங்கி, 1982-இல் அந்த மேல்மாடிக்குக் குடிவந்து, பிறகு வலைத்தளம் வைத்து உலகம் முழுக்க விற்றவர். குடும்பத் தொழில், பழங்கால நாணயங்களும் கலைப்பொருள்களும் எங்கள் தனிச்சிறப்பு என்று தளத்தில் போட்டிருந்தது. அவர் நடத்தியது விலை போட்ட கடை. மணி அடித்து முடிகிற ஏலம் இல்லை. ஆனாலும் இணைய ஏலத்தில் பழம்பொருள் தேடும் யாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வழக்கு இது. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு இடத்திலும் கிடைப்பது ஒன்றுதான்: நாலு படம், ஒரு விவரக்குறிப்பு, ஒரு சான்றிதழ், முன்பு வாங்கியவர்களின் பாராட்டு. மாடு வாங்கப் போகிறவனாவது பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்.

அந்தத் தளத்தில் இருந்த சில சரக்குகளைப் பாருங்கள். பதப்படுத்தப்பட்ட வல்லூறு ஒன்று, கி.மு. 305–30, விலை 9,000 டாலர். மரத்தில் செதுக்கிய எகிப்திய சவப்பெட்டி முகமூடி, கி.மு. 663–525, விலை 5,000 டாலர். மங்கோலியாவில் விழுந்த விண்கல்லின் துண்டு, 1,500 டாலர். விண்கல்லை விடுங்கள், அந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். எவ்வளவு துல்லியம்! ஆனால் கி.மு. 305 முதல் 30 வரை என்பது எகிப்தைத் தாலமி வம்சம் ஆண்ட காலம். மற்றது, ஓராண்டு முன்பின்னாக, இருபத்தாறாம் வம்சத்தின் காலம். அதாவது சீட்டில் எழுதியிருப்பது அரசர்களின் தேதி. எந்தப் பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்க அட்டவணையிலிருந்தும் எடுத்து ஒட்டிவிடலாம். அந்த முகமூடிக்கென்று யாரும் ஆராய்ந்து கண்ட தேதி அதில் எதுவும் இல்லை. ஏல விவரக்குறிப்பில் இப்படிச் சுத்தமான ஆண்டுக்கணக்கைப் பார்த்தால் மனசு தானாக நம்பிவிடுகிறது. என் மனசும்தான்.

(வல்லூறு பற்றி ஒரு இடைச்செருகல். எகிப்தில் கோயிலுக்குக் காணிக்கையாக விலங்கு மம்மிகளை லட்சக்கணக்கில் செய்து விற்றார்கள். மான்செஸ்டர் அருங்காட்சியகமும் அந்த ஊர்ப் பல்கலைக்கழகமும் 800-க்கு மேற்பட்ட விலங்கு மம்மிகளை ஸ்கேன் செய்து பார்த்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்குள் விலங்கின் உடலே இல்லை. மண்ணும் நாணலும் முட்டை ஓடும்தான். அதை மோசடி என்று சொல்லக்கூடாது, விலங்கோடு தொடர்புள்ள பொருள் என்பதால் அதுவும் புனிதம்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். காசு கொடுத்து வாங்கிய பக்தருக்கு அந்த விளக்கம் சொல்லப்பட்டதா என்பது வேறு கேள்வி.)

பிடிபட்ட விதம்

இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் தொல்பொருள் கடத்தலுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அதன் தலைவர் மாத்யூ பொக்தானோஸ். 2003-இல் பாக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்ட பிறகு அமெரிக்க மரைன் படை அதிகாரியாக அங்கே போய், களவு போனதைத் தேடி மீட்கும் வேலைக்குத் தலைமை தாங்கியவர். தமிழ்நாட்டுக் கோயில் சிலைகளைக் கடத்திய சுபாஷ் கபூர் மீது நியூயார்க்கில் வழக்குத் தொடுத்ததும் இவருடைய பிரிவுதான். இவர்கள் தேடுவது திருட்டுப் பொருளை. போலி இவர்கள் வழக்கமான வேட்டை இல்லை.

அப்படியானால் சாதிக் எப்படிக் கண்ணில் பட்டார்? கடத்தல் வழக்கில் மாட்டிய மற்ற வியாபாரிகள் புலம்பினார்களாம்: எங்களைப் பிடிக்கிறீர்களே, அங்கே ஒருத்தர் முழுக்க முழுக்கப் போலி விற்றுக்கொண்டிருக்கிறாரே, அவரை விட்டுவிட்டீர்களே என்று. அசல் திருட்டுச் சரக்கு விற்றவர்களுக்கு வந்த தார்மீகக் கோபம்! இதில் சிரிப்பு மட்டும் இல்லை. தொழிலுக்குள் இருந்தவர்களுக்கு அந்தக் கடையைப் பற்றித் தெரிந்திருக்கிறது. கடை நாற்பது வருஷம் ஓடியும் இருக்கிறது. வெளியே காசு கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை.

ஏன் சேரவில்லை என்பதற்கு சாதிக்கே பதில் சொல்லிவிட்டார். அவர் விற்பது போலி என்று எழுதியவர்கள் இணையத்தில் ஏற்கெனவே இருந்தார்கள். கூகுளில் தேடினால் அந்தப் புகார்கள் மேலே வராமல் கீழே தள்ளுவதற்கு ஒரு நிறுவனத்துக்குக் காசு கொடுத்ததையும், கடையைப் புகழ்ந்து விமர்சனம் எழுத ஆட்களை ஏற்பாடு செய்ததையும் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பெல்ட் சாண்டர் பொருளின் மேல் செய்த வேலையை இது கடையின் பெயர் மேல் செய்தது. பின்னறையில் இருந்த எல்லாக் கருவிகளையும்விட இதுதான் வீரியமான கருவி என்று நினைக்கிறேன். பொருளில் பூசிய சேற்றை அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துப் பார்க்கலாம். தேடல் பக்கத்தில் பூசியதை எதால் துடைப்பது?

வாங்குபவர்கள் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு அரசு ஆட்கள் கடைக்குப் போனார்கள். இரண்டு பொருள் வாங்கினார்கள், ஒவ்வொன்றும் 4,000 டாலர். ஒன்று, ரோமானியப் பெண் ஒருத்தியின் பளிங்குத் தலை. இன்னொன்று, எகிப்திய அரசன் துட்டன்காமுனின் தங்க முகமூடியைச் சித்திரிக்கும் பதக்கம். நியூயார்க் சட்டப்படி ஏமாற்றிப் பறித்த மதிப்பு 3,000 டாலரைத் தாண்டினால் மூன்றாம் நிலைப் பெருந்திருட்டு. இரண்டுமே தனித்தனியாக அந்தக் கோட்டைத் தாண்டின.

அந்தப் பதக்கத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். துட்டன்காமுன் செத்தது கி.மு. பதினான்காம் நூற்றாண்டில். அந்த முகமூடியை மம்மியின் முகத்தில் வைத்து, பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி என்று மூன்றாக மூடி, கல்லறைக்கு முத்திரை வைத்தார்கள். ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் கல்லறையைக் கண்டது 1922. பெட்டிகளைத் திறந்து முகமூடியைப் பார்த்தது 1925. நடுவில் ஏறத்தாழ 3,250 வருஷம் அந்த முகத்தை உயிரோடு இருந்த எந்த மனிதரும் பார்க்கவில்லை. பார்க்காத முகத்தைப் பதக்கத்தில் வார்த்த பண்டைக்காலத் தட்டான் யார்? பட்டைத் தலைத்துணியும் தாடியும் எல்லா பாரோவுக்கும் பொது, அது வேறு. ஆனால் ‘இது துட்டன்காமுனின் முகமூடி’ என்று நமக்குப் பார்த்த உடனே தெரிகிறது என்றால், செய்தவரும் நம்மைப் போலவே போட்டோவில் பார்த்தவர்தான். இதற்கு லேபோ லென்ஸோ வேண்டாம். ஒரு நிமிஷம் நின்று யோசித்தால் போதும். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தை ஏலக் கடிகாரம் நமக்குக் கொடுப்பதில்லை. ‘இன்னும் 2 நிமிடம் 14 நொடி’ என்று சிவப்பில் ஓடும்போது எவர் 1925-ஐ நினைப்பார்?

சாதிக் மீது போட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று எனக்குப் புதிதாக இருந்தது. பொருளுக்கு இல்லாத பழமையை, அருமையை, பிறப்பிடத்தை, ஆக்கியவர் பெயரை இருப்பதுபோல் தோன்றச் செய்வது நியூயார்க் சட்டத்தில் தனிக் குற்றம். பழமையைப் போலி செய்வதற்கென்றே ஒரு பிரிவு! கூடவே பெருந்திருட்டு, போலி ஆவணம், மோசடித் திட்டம். முதலில் மறுத்தவர், 2021 நவம்பரில் ஏழு குற்றங்களை ஒப்புக்கொண்டார். மூன்று தசாப்தங்களில் ஆயிரக்கணக்கான போலிகளை விற்றேன், பணத்தாசைதான் காரணம் என்று சொன்னார். அரசுத் தரப்பு சிறைத் தண்டனை கேட்கவில்லை. ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், இனி தொல்பொருள் விற்பனையில் கால் வைக்கக்கூடாது என்ற தடையும்தான் கேட்டது.

என் பங்குக்கு ஒரு டைபீரியஸ்

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன தகுதி என்றால், நானும் ஏமாந்திருக்கிறேன். அவ்வளவுதான்.

கோவைப் பக்கத்தில் நாணயம் சேர்க்கிற எவருக்கும் ரோமானிய வெள்ளிக் காசு மேல் ஒரு கண் இருக்கும். இந்த வட்டாரத்துப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு பேரரசர்களின் தினாரியஸ் என்ற வெள்ளிக் காசுதான் அதிகம். மிளகுக்கு விலையாக வந்த காசு. அதில் டைபீரியஸ் காசு ஒன்று, தலை ஒரு பக்கம், நாற்காலியில் உட்கார்ந்த பெண் மறுபக்கம், இணைய ஏலத்தில் 11,500 ரூபாய்க்கு எனக்கு அடித்தது. ‘அடித்தது’ என்றுதான் அப்போது வீட்டில் சொன்னேன். அந்தக் காசின் சந்தை விலை அதைவிட எவ்வளவோ மேலே என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், விற்பவருக்குத் தெரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். ஏமாறுகிறவன் பெரும்பாலும் தான் ஏமாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பான்.

காசு வந்தது. நகைக்கடைத் தராசில் போட்டேன்: 3.1 கிராம். இந்த வகை 3.7 பக்கத்தில் நிற்க வேண்டும். தேய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் டைபீரியஸின் மூக்கு, காது, எழுத்து எதுவும் தேயவில்லை. படம் தேயாமல் எடை மட்டும் எப்படித் தேயும்? கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நாணயக்காரர்கள் கூடும் இடத்துக்கு எடுத்துப்போனேன். அங்கே ஒரு பெரியவர், அறுபது வருஷமாகச் செம்புக்காசு பார்க்கிறவர், வாங்கி முகத்தைப் பார்க்கவே இல்லை. “மொகத்தைப் பார்த்தா எல்லாக் காசும் அழகுதான் தம்பி, ஓரத்தைக் காட்டு” என்று விளிம்பை வெளிச்சத்தில் திருப்பினார். சுற்றிலும் மயிரிழை மாதிரி ஒரு கோடு. அரத்தால் ராவியிருந்தார்கள், ஒரு இடத்தில் மட்டும் ராவ மறந்திருந்தார்கள். இரண்டு பாதி அச்சைச் சேர்த்து, உருக்கிய உலோகத்தை ஊற்றினால் விழுகிற கோடு அது. ரோமில் காசை வார்க்கவில்லை. சூடு காட்டிய வெள்ளி வில்லையை இரண்டு அச்சுக்கு நடுவில் வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். லென்ஸில் பார்த்தால் தளத்தில் பொடிப்பொடியாகக் குழிகள், உலோகம் ஆறும்போது காற்று தங்கிய இடங்கள். ஏலத்தில் போட்ட படங்களில் முகமும் முதுகும் இருந்தன. ஓரம் இல்லை.

அதையும்கூட நான் முழுசாக நம்பவில்லை. எட்டு மாதம் கழித்து வேறொரு விற்பனையாளர் பெயரில் ஒரு டைபீரியஸ் ஏலத்துக்கு வந்தது. காதுக்குக் கீழே ஒரு சின்னக் குழி. தாடை ஓரத்தில் சாய்வாக ஒரு கீறல். என் மேஜை டிராயரில் இருந்த காசை எடுத்துத் திரை பக்கத்தில் வைத்தேன். அதே குழி, அதே கீறல். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுக்கு ஒரே முகம் இருக்கலாம். ஒரே தழும்பு இருக்கவே முடியாது. தழும்பு என்பது அச்சைவிட்டு வந்தபிறகு அந்தக் காசு தனியாகப் பட்ட அடி. எங்கேயோ ஒரு உண்மையான டைபீரியஸ் இருந்திருக்கிறது, காதுக்குக் கீழே குழியோடு. அதிலிருந்து அச்செடுத்து எத்தனை பிள்ளைகளைப் பெற்றார்களோ! பணத்தைத் திருப்பிக் கேட்கிற கெடு எப்போதோ முடிந்திருந்தது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. தென்னிந்தியாவில் அந்தக் காலத்திலேயே டைபீரியஸ் காசைப் பார்த்து உள்ளூரில் போலி அடித்திருக்கிறார்கள். புதையல்களில் அவையும் கிடைக்கின்றன. எழுத்து கோணல், முகம் கொஞ்சம் நம்மூர் ஜாடை. இரண்டாயிரம் வருஷப் பழைய டூப்ளிகேட் இன்று அசல் தொல்பொருள். என்னுடையதுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அதில் எழுத்து அவ்வளவு சுத்தம்.

லேப் ரிப்போர்ட் எதைச் சொல்கிறது

சந்தேகம் வந்தால் லேபுக்கு அனுப்பலாமே என்பார்கள். அனுப்பலாம். எது எதைச் சொல்லும் என்று தெரிந்து அனுப்ப வேண்டும். சுட்ட மண்ணுக்கு வெப்ப ஒளிர்வுச் சோதனை இருக்கிறது. அடியில் துளையிட்டுக் கொஞ்சம் பொடி எடுத்துச் சூடாக்கினால், கடைசியாகச் சூளையில் வெந்த நாளிலிருந்து கதிரியக்கத்தால் அதில் சேர்ந்த ஆற்றல் ஒளியாக வெளிவரும். அதை அளந்து காலம் சொல்வார்கள். ஆனால் பழைய ஓட்டுத் துண்டை அடிப்பாகமாக வைத்து மேலே புதுசாகச் சிலை கட்டினால், துளை போட்ட இடம் அந்தத் துண்டின் காலத்தைத்தான் சொல்லும். கரிமச் சோதனை மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லும். அதைச் செதுக்கியது எப்போது என்று சொல்லாது. பளிங்குக்கு அதுவும் இல்லை, கல் எப்போதுமே பழசு.

இதற்கு நல்ல உதாரணம் வாஷிங்டனில் இருக்கும் விவிலிய அருங்காட்சியகம். அவர்களிடம் சாக்கடல் சுருள் துண்டுகள், அதாவது சாக்கடல் பக்கத்துக் குகைகளில் கிடைத்த பழைய யூதக் கையெழுத்துச் சுருள்களின் துண்டுகள், என்று 16 இருந்தன. 2018-இல் ஐந்து துண்டுகள் ஜெர்மனியில் சோதனைக்குப் போய்ப் போலி என்று வந்தது. 2020 மார்ச்சில் முழு அறிக்கை வந்தபோது பதினாறும் போலி. எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? தோல் உண்மையிலேயே பழசு; பழங்காலச் செருப்புத் தோலாக இருக்கலாம் என்றார்கள். ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தபோது மை தோலின் வெடிப்புகளுக்குள் வழிந்து இறங்கியிருந்தது. எழுதும்போது தோல் புதிது என்றால் வெடிப்பே இருந்திருக்காது. எழுத்து வெடிப்போடு சேர்ந்து பிளந்திருக்கும். வெடித்துக் கிடந்த தோலில் யாரோ பிறகு உட்கார்ந்து எழுதியிருக்கிறார். பெரிய மேதைகள் பார்த்து, விலை பேசி, கண்ணாடிக்குள் வைத்த பொருளுக்கே இந்தக் கதி. செல்போன் படத்தில் நமக்கு என்ன தெரியப்போகிறது?

இணைய ஏலத்தைப் பற்றி 2009-இல் சார்ல்ஸ் ஸ்டானிஷ் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். பெரு நாட்டு ஆண்டீஸ் மலையில் ஆய்வு செய்தவர். ஈபே என்ற ஏலத் தளம் வந்தபோது தொல்லியல்காரர்கள் எல்லாம் நடுங்கினார்களாம்: இனி எந்தக் கிராமத்துக் கல்லறைத் திருடனும் நேராக உலகத்துக்கே விற்பான், ஒரு குழி பாக்கி இருக்காது என்று. நடந்தது வேறு. ராத்திரியில் மண்வெட்டி எடுத்துப் போய், நாள்கணக்கில் தோண்டி, ஒன்றும் கிடைக்காமல் வருவதைவிட, வீட்டில் உட்கார்ந்து செய்து படமெடுத்துப் போட்டால் லாபம் என்று குழி தோண்டினவர்களே புரிந்துகொண்டார்கள். பழைய வார்ப்பச்சு, அதே ஊர்க் களிமண், அதே கனிம வண்ணம். அவர் கணக்கில், ஏலத்துக்கு வருவதில் 30 சதவீதம் பார்த்ததுமே போலி என்று தெரிவது. 5 சதவீதம்தான் அசல் என்று சொல்லத்தக்கது. மீதி எல்லாம் ‘கையில் வாங்கிப் பார்த்தால்தான் சொல்ல முடியும்’ வகை. வாழ்நாள் முழுக்க அந்தப் பானைகளோடு கிடந்த ஒருவர் படத்தைப் பார்த்து மூன்றில் இரண்டு பங்குக்குக் கைவிரிக்கிறார் என்பதுதான் எனக்கு அதில் முக்கியம்.

போலி பெருகினால் கொள்ளை குறையும் என்ற அவருடைய மகிழ்ச்சியில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. சிரியாவிலும் ஈராக்கிலும் போர் நடந்த வருஷங்களில் பேஸ்புக் குழுக்களில் குழிக்குள்ளிருந்தே படமெடுத்து விற்றார்கள். 2020 ஜூனில்தான் பேஸ்புக் அந்த வியாபாரத்துக்குத் தடை போட்டது. போலியும் பெருகியது, குழியும் பெருகியது.

சரி, அந்த 5 சதவீதம் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அசல். அப்புறம்? அங்கேதான் அடுத்த வில்லங்கம். எகிப்து 1983-இல் 117ஆம் எண் சட்டத்தின் மூலம் தொல்பொருள் வியாபாரத்தையே மூடியது. அதற்கு முன்னால் வெளியே போனது என்று காட்டும் காகிதம் இல்லாத எகிப்தியப் பொருள் ஒன்று போலி, இல்லாவிட்டால் களவு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருஷத்தைத் தாண்டிய சிலையைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. ஆக ஏலத்தில் எடுக்கிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘இது எவ்வளவு பழசு’ என்பது இல்லை. ‘இது எந்த வழியாக இங்கே வந்தது’ என்பதுதான்.

அந்தக் கேள்விக்கும் தயாராகக் காகிதம் செய்து வைத்திருப்பார்கள். பண்டைய மெசபடோமியாவின் கில்கமெஷ் காவியத்தில் கனவுப் பகுதி எழுதிய களிமண் பலகை ஒன்று 2014-இல் 16 லட்சத்து 74 ஆயிரம் டாலருக்கு அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு விற்பனையானது. பலகை சத்தியமாக அசல். கூட வந்த கடிதம்தான் பொய்: 1981-இல் ஒரு ஏலத்தில் வாங்கிய, வெண்கல உடைசல்கள் போட்ட பெட்டிக்குள் இருந்ததாம். 2021-இல் அது ஈராக்குக்குத் திரும்பிப் போயிற்று. நம்ம ஊர் ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதையும் அதே அச்சு. 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலர் கொடுத்து கபூரிடம் வாங்கியபோது, இந்தியா தடை போடுவதற்கு முன்பே வெளியே போன சிலை என்று காட்டும் காகிதங்களும் கூட வந்தன. கோயிலில் இருந்தபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் எடுத்து வைத்திருந்த புகைப்படம் அந்தக் காகிதங்களை ஒரே அடியில் வீழ்த்தியது. 2014-இல் நடராஜர் திரும்பினார். 2022 நவம்பரில் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் இன்னொரு சிலைத் திருட்டு வழக்கில் பத்தாண்டு கொடுத்தது.

திருடனுக்கும் போலிக்காரனுக்கும் இந்த ஒரு இடத்தில் தொழில் ஒன்றுதான்: காகிதம் செய்வது. சாதிக்கின் வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்த சான்றிதழை எழுதியது யார் என்று பார்த்தால் விற்றவரே. விற்றவர் தன் சரக்கு நல்லது என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளுக்கு நாம் சான்றிதழ் என்று பெயர் வைத்து, பொருளைவிடப் பத்திரமாகப் பீரோவில் வைக்கிறோம். என் டைபீரியஸோடும் ஒன்று வந்தது. தங்க நிறத்தில் ஓரம் போட்டு, முத்திரை குத்தி, காசைவிட அழகாக இருந்தது.

கடையின் அலமாரியைப் பார்த்தும் ஒருவர் சந்தேகப்பட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. சுமேரியாவிலிருந்து பைசாந்தியம் வரை எல்லா நாகரிகமும், எல்லா விலையிலும், வருஷம் முழுவதும், தீரத் தீர வந்துகொண்டே இருந்தது. பழம்பொருள் என்றால் தீர வேண்டும். விற்ற இடத்தில் மறுவாரம் அதே மாதிரி இன்னொன்று உட்கார்ந்தால், அதற்குப் பின்னால் ஒரு பட்டறை இருக்கிறது. ஏலத் தளத்தில் ஒரு விற்பனையாளரின் முடிந்துபோன ஏலங்களைத் திறந்து பார்ப்பது இப்போது என் வழக்கம். பாராட்டு வரிகளைப் படிப்பதில்லை. சரக்கு எப்படி வருகிறது, ஒரே குழி, ஒரே கீறல் எங்காவது திரும்ப வருகிறதா என்று பார்க்கிறேன். இதற்குச் சாயங்காலம் ஒன்று போய்விடும். பெரும்பாலும் அதற்குள் ஏலம் முடிந்து வேறு யாராவது எடுத்திருப்பார்கள். போகட்டும்.

சாதிக் வழக்கு முடிந்துவிட்டது. ஆனால் 1978-இலிருந்து அந்தக் கடையிலிருந்து போன ஆயிரக்கணக்கான பொருள்களை யாரும் திரும்ப வாங்கிக்கொண்டு போகவில்லை. அவை வீடுகளில் இருக்கின்றன, சான்றிதழோடு. வாங்கினவர்களுக்கு வயதாகிறது. ஏதாவது ஒரு வீட்டில் தாத்தா காலமான பிறகு பேரப்பிள்ளைகள் அலமாரியை ஒழிப்பார்கள். எகிப்திய முகமூடி ஒன்றும் மஞ்சளேறிய ரசீது ஒன்றும் அகப்படும். அவர்களுக்கு யாரையும் ஏமாற்றும் எண்ணம் இருக்காது. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நாலு படம் எடுத்து, ரசீதில் உள்ளதை அப்படியே தட்டச்சு செய்து ஏலத்தில் போடுவார்கள்: ‘கி.மு. 663–525. பழைய நியூயார்க் சேகரிப்பு, 1985-இல் வாங்கியது, அசல் ரசீது உண்டு.’ இந்தத் தடவை ரசீது அசல்தான்.